கொதிக்கும் டிராக்டர்

தலைவரின் ஹெலிகாப்டர் மாலையில் இறங்குவதற்குள் மேய்ச்சல் தரையின் இடுப்பளவுப் புல்லை வெட்டாவிட்டால், ஒன்றியச் செயலாளர் பரஞ்சோதியின் பதவி போய்விடும். புல் வெட்டும் டிராக்டரோ நாலடி போவதற்குள் கொதித்து நின்றது. தண்ணீர் ஊற்றினார்கள், பெல்ட்டை இறுக்கினார்கள். ரேடியேட்டரை முழுதாக மூடியபடி தலைவரின் பிளெக்ஸ் சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, உள்ள காத்தே போகல. படத்த அவுத்துரவா?" என்றான் டிரைவர் சூசை.

"அவுக்கும்போது எவனாச்சும் போட்டோ எடுத்தான்னா? நீயா வந்து பதில் சொல்லுவ?"

"அப்ப மூக்குகிட்ட மட்டும் ஒரு ஓட்டை?"

"பேசாம இருடா!"

பரஞ்சோதி வேட்டியை மடித்துக் கட்டி அரிவாளை எடுத்தார். மற்ற நிர்வாகிகளும் எடுத்தார்கள்.

ஹெலிகாப்டர் வந்தபோது பாதிப் புல் பாக்கி. இறங்க இடமில்லாமல் அது வட்டமடிக்க, தலைவர் கீழே பார்த்தார். கட்சியே குனிந்து நின்றது. நெகிழ்ந்துபோய், இன்னொரு சுற்று போகச் சொன்னார்.