காவல் பழகாத உடம்பு

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. டாக்டர் வெளியே வந்தபோது அம்மா உட்கார்ந்திருந்தாளா, நின்றிருந்தாளா? அவளைக் கேட்டால் தான் அங்கே இல்லவே இல்லை என்கிறாள்.

இருந்தாள்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகன். இன்னும் பெயர் வைக்கவில்லை. காலையில் வலிப்பு வந்திருந்தது.

"வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம் இருந்துதா?" என்று டாக்டர் கேட்டார். ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம், மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்றார்.

"எங்கூட்ல ஆருக்கும் அப்படியொண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா.

உண்மைதான். யாருக்கும் இல்லை.

அவர் உள்ளே போனதும் நாங்கள் பக்கத்தில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தோம்.

அறிவுச்செல்வி அக்கா பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். அதே கிருமியைத்தான். பரமத்தி வேலூரில் எங்கள் பங்காளிகளில் அவ்வளவு தூரம் படித்துப் போனவர்கள் வேறு யாரும் கிடையாது.

முன்பு ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது, வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நடந்துகொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறாள். முக்கால்வாசிப் பேர் உடம்பில் அந்தக் கிருமி உண்டாம். நரம்புக்குள் உறங்குமாம். டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பக்கத்திலேயே காவல் இருக்குமாம். எப்போதாவது அது விழித்து, ஒரு கொப்புளம்கூடப் போடாமல், எச்சிலில் வந்துவிட்டுப் போகும். நமக்கே தெரியாது. பிறந்த பிள்ளைக்கு மட்டும் அந்தக் காவல் இன்னும் பழகியிருக்காது.

அன்றைக்கு அவள் பேச்சை நிறுத்தவே இல்லை.

இப்போது தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏஞ்சாமி, இப்படி மரமாட்ட நிக்கறே? உள்ள போயி அவங்களுக்கு எடுத்துச் சொல்லு. உன்ற புத்தி வரோணும்னுதான உன்னையவே சேனை வெக்கச் சொன்னேன்!"

பிள்ளை பிறந்த அன்று. முதல் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதில் அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. அம்மா கெஞ்சினாள். என் மனைவி மைதிலியும் கட்டிலில் படுத்தபடி, "வெய்யுங்க அண்ணி" என்றாள்.

சர்க்கரைத் தண்ணீர் தித்திப்பு அதிகமோ என்று அக்கா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதே விரலை மறுபடி நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.

பிள்ளை சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தோம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

டாக்டரிடம் சொன்னாலும் மருந்து அதே மருந்துதான். இருவரும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மகன் அந்த வாரமே போய்விட்டான். மைதிலி வெகுநாள் மோகனூரில் அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். இப்போது எங்களுக்கு ஒரு பெண். அவளுக்குச் சேனை வைக்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அக்கா வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள், தூக்கவில்லை. அதன்பிறகு ஊருக்கு வரவில்லை. இன்றும் அதே கிருமியோடுதான் இருக்கிறாள். பேரனைக் கொண்டுபோன சீக்கைத் தன் மகள் சும்மா விடமாட்டாள் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.