மேலத்தெருவில் தலைவலி இல்லை

“கீழத்தெரு ரத்தத்துலயே ஒத்தத் தலைவலி கெடக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டாக்டரம்மா. அதக் காட்டிச் சம்பந்தத்த வெரசா முறிச்சுப்புடுவேன்.”

கொடைக்கானல் நாயுடுபுரத்தில், வாடகை வீட்டில் இயங்கிய ஆராய்ச்சி அலுவலகத்தில் பொன்னுவேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வில்பட்டிக்கு அப்பாலுள்ள மலையூரில் பூண்டு விவசாயி. மேலத்தெருவின் பெரிய தலை. அவர் மகன் கோகுலோ கீழத்தெரு சண்முகப்பிரியாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

எதிரே இருந்த ஆய்வாளர் ரோகிணி மரபணுப் புள்ளியியல் படித்தவள். அந்த ஊரில் ஒற்றைத் தலைவலி உள்ளவர், இல்லாதவர் என்று கேட்டறிந்து இரு பட்டியல் போட்டு, எதில் ஒரு மரபணுக் குறி மிகுதி என்று ஒப்பிட்டிருந்தாள். நோயாளிகளிடம் அது மலிந்து கிடந்தது. தற்செயலாக அப்படி அமையக் கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு என்றது கணக்கு. நோயாளிகள் அத்தனை பேரும் கீழத்தெரு. பொன்னுவேலுக்கு அது போதாதா?

“எழுதலாம்ங்க. அதுக்கு முன்னால ஒரு சோலி பாக்கி இருக்கு,” என்றாள் ரோகிணி.

ஒரு பட்டியல் முழுக்க ஒரே தெருவாக இருந்தால், குறி நோயைக் காட்டுகிறதா, தெருவைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு தெருவுக்குள்ளும் நோயுள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டாக வேண்டும். மேலத்தெருவிலோ எழுபத்தாறு பேரில் ஒருவருக்கும் தலைவலி இல்லை. உலகில் எங்குமில்லாத அதிசயம். ஆகவே எழுபத்தாறு பேரையும் வரும் வாரம் மதுரைக்கு அழைத்து, பத்து நாள் தங்கவைத்துச் சோதிக்கலாமென்று இருப்பதாகச் சொன்னாள்.

பொன்னுவேல் விரல்விட்டு நாள் எண்ணினார். வரும் வாரம் பூண்டு எடுப்பு.

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்தான். நீங்கதான் முதல் ஆளு. இப்படி ஒரு தலை வேற யாருக்குங்க இருக்கு?”

அவர் குரல் இறங்கியது.

“தலைவலி இல்லாமலா இருக்கும் தாயி? எனக்கே வாரத்துக்கு ரெண்டு நா மண்டையப் பொளக்கும். நீங்க வர்றதுக்கு முந்தின நாளே தெருவக் கூட்டி, ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளைக பதினோரு பேரு இருக்குல்ல.”

பெண்ணின் குலத்தை எடைபோடத் தராசோடு வந்தவர், தம் குலத்தை மட்டும் தட்டில் ஏற்றாமல் ஒளித்து வைத்திருந்தார்.

இது வெளியே போகக் கூடாதென்று அவர் கெஞ்சினார். மேலத்தெரு தம் சொல்லைத் தட்டாது. ரோகிணியும் இதைக் காக்க வேண்டும். தாமே வாய்விட்டு ஒப்புக்கொண்டது மகனுக்குத் தெரிந்தால் தம் மானமே போகும் என்றார்.

“நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேங்க. இத மட்டும் உங்ககிட்டக் காட்டச் சொல்லி நேத்தே குடுத்துட்டுப் போனாங்க.”

ரோகிணி நீட்டிய தாளைப் பொன்னுவேல் பிரித்தார். ‘தலைவலியை மறைத்த மேலத்தெருக்காரர்கள்’ என்ற தலைப்பின் கீழ் முதல் கையெழுத்து கோகுலுடையது. இருபத்து மூன்றாவது, அவர் மனைவி ராஜகுமாரியுடையது. இருபத்து நான்காம் எண்ணில் ‘பொன்னுவேல்’ என்று தெளிவாக எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.