மூச்சு விடும் இடம்

"மச்சான், நீரு 'யாரு'ன்னு முடிச்சாத்தான நான் ஆரம்பிக்க முடியும்? கொஞ்சம் மூச்சு விடும்!" என்றான் தளவாய்.

பிச்சைக்கனிக்கு எரிச்சல் வந்தது. தங்கையைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் இந்த மாப்பிள்ளை எதையும் வெடுக்கென்று ஆரம்பித்ததே இல்லை.

"நீருதான் மாடு அசைபோடுத மாதிரி இழுக்கீரு. நேத்து பாட்டு முடியுமுன்னே பாதிக் கூட்டம் கடலை வாங்கப் போயாச்சு, கேட்டோ?"

உண்மைதான். வார்டு தேர்தலுக்கு ஜீப்பில் மைக் பிடித்துப் பாடியதில் இருவர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இன்று பிரசாரத்தின் கடைசி நாள். இன்றும் கூட்டம் கலைந்தால் கொல்லத்திலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று வேட்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதாகப் பிச்சைக்கனி புலம்பினான்.

"எனக்கும் அதே வார்னிங்தான்" என்றான் தளவாய். "செரி, கடைசியா ஒருக்கா."

பிச்சைக்கனி அரிசி டின்னில் தாளம் தட்டினான். "குழாயைப் போட்டுத் தந்தது யாரு?"

ஒரு தட்டு விட்டு, கச்சிதமாகப் பிடித்தான் தளவாய். "காத்துதான் வருது, தொறந்து பாரு!"

"அடுத்ததுல நீரு கேளும், நான் சொல்லுதேன்."

"தெருவிளக்கு வச்சது யாரு?"

"தடுக்கி விழுந்தவன் காலைப் பாரு!"

தளவாய் வீட்டு அடுப்படியில் தங்கை பூமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். "கொள்ளாம், நல்லாருக்கு அண்ணே! ஒரே தொண்டையில வந்த மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, மீன்குழம்பு ஆறுது."

சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் நிற்க இடமில்லை. பலசரக்குக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொரு 'பாரு'வுக்கும் விசில் பறந்தது. கடலைக்காரன்கூட கடலையை மறந்து நின்றான். வேலை தப்பியது என்று பிச்சைக்கனிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேட்பாளர் ஜீப்பில் தாவி ஏறி அவனைக் கட்டிக்கொண்டார். "கலக்கிட்டேடே! அந்தப் பய வாயைத் தொறக்கதுக்குள்ள பதில் சொல்லுதியே. ஆளை முன்னமே தெரியுமா?"

குடைச் சின்னம் கட்டிய ஜீப்பிலிருந்து, எதிரே பூட்டுச் சின்ன ஜீப்பில் மைக்கும் கையுமாக நின்ற தளவாயைப் பிச்சைக்கனி முறைத்தான்.

"அவனையா? த்தூ! அவன் வீட்டுல பச்சைத் தண்ணி குடிப்பனா அண்ணாச்சி?" என்று சொல்லி முடிப்பதற்குள், பூமாரியின் மீன்குழம்பு ஏப்பமாக வந்து மைக்கில் விழுந்தது.