செதில் கல்

மலையடிவார நிலத்தில் மச்சான் கனிமம் தேடித் துளை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டபோது, காப்பாற்றக் கிளம்பியவர் ‘ஓட்டை’தான். மச்சானின் அக்கா புருஷன், வரி ஆலோசகர். சட்டத்தில் எங்கே ஓட்டை என்று மோப்பம் பிடிப்பதால் வந்த பட்டப்பெயர் அது.

அரசுப் பட்டியலில் உள்ள கனிமங்களைத் தேடி ஆன செலவுக்கு வரிச்சலுகை உண்டு. பட்டியலில் லித்தியம் இருந்தது. மச்சானுக்குக் கிடைத்ததோ, மீன் செதில் மாதிரி உதிரும் ஏதோ ஒரு பளபளப்புக் கல்.

‘கல் மாறாது, பெயரை மாற்றலாமே!’ தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார் ஓட்டை.

தனியார் ஆய்வுக்கூடக்காரரிடம் போய், லித்தியம் என்று எழுதித் தரும்படி காதில் போட்டார். அவர் கல்லைச் சோதித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். வேலைக்கே உலை வைத்துவிடும் என்று இழுத்தார். கடைசியில் ஓட்டை வீட்டுப் புது வாஷிங்மெஷின் அவர் வீட்டுக்குப் போனது. மனைவியிடம் ரிப்பேர் என்று சொல்லி வைத்தார் ஓட்டை. துணி துவைக்கும் வேலை தன் தலையில் விழும் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

சான்றிதழ் கிடைத்தது, சலுகை கேட்டு மனுவும் போட்டாயிற்று. மச்சான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

ஆடி முடிப்பதற்குள் வந்தது ஆப்பு. வரி அதிகாரி கல்லை அரசு ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பியிருந்தார். முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று அழைப்பு.

மூளையாம் மூளை என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார் ஓட்டை. மச்சானுக்குப் பிள்ளைகுட்டிகள். போவது தன்னோடு போகட்டும்.

அதிகாரி வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார்.

“சார், நானே சொல்லிடறேன். மச்சானுக்கு எதுவும் தெரியாது. அது வெறும் கல்லு. வாஷிங்மெஷினை லஞ்சமா குடுத்து, லித்தியம்னு எழுதி வாங்கினது நான்தான்.”

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து, சொன்னதையெல்லாம் நிதானமாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பாரம் இறங்கிய ஓட்டை, கடைசியில் அது என்னதான் கல் என்று கேட்டார்.

“லித்தியம்தாங்க. சலுகை குடுத்தாச்சுன்னு சொல்லத்தான் வரச் சொன்னேன்.”