தழும்பை மூடிக்கொண்ட துண்டு

பவளக்கொடியின் கல்லீரலிலிருந்து சோதனைக்காக எடுத்த துண்டு ஒன்று, வெங்காயச் சருகைவிட மெல்லியதாக, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் படுத்திருந்தது. அதற்கு ரோஜா நிறச் சாயம் ஏற்றியிருந்தார்கள். கீழேயிருந்து, அதைப் படமெடுக்கும் ஸ்கேனரின் வெளிச்சம் விடியலைப்போல மெல்ல ஊர்ந்து வந்தது. துண்டு தன் ஓரத்தை மடித்து ஒரு தழும்பை மூடிக்கொண்டது.

“அக்கா, அந்த ஓரம் கலங்கலா தெரியுதே, என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்றது ஸ்கேனர்.

“ஒண்ணுமில்ல தம்பி. மத்த இடத்தை எடு. சாயம் எவ்வளவு நல்லா பிடிச்சிருக்கு பாரு.”

“நான் என்ன கல்யாண போட்டோவா எடுக்கறேன்?”

“எங்க பழக்கம் அப்படி. பவளக்கொடியை யார் கேட்டாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. வயிறு வீங்கினப்பகூட, சோறு கூடிப்போச்சுன்னு சிரிச்சா.”

ஸ்கேனர் சிரிக்கவில்லை. “டாக்டரம்மா வேற ஊர்ல இருக்காங்க. நான் அனுப்பற படத்தைத்தான் பார்ப்பாங்க. தழும்பு ஏதாவது இருந்து, அது படத்துல தெரியலேன்னா மருந்து கிடையாது. ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடுவாங்க.”

பவளக்கொடி சொல்லும்போதெல்லாம் இதமாக இருந்த அந்த ‘ஒண்ணுமில்ல’, டாக்டர் வாயிலிருந்து வரப்போகிறது என்றதும் துண்டுக்குக் கசந்தது. பவளக்கொடி அதைக் கேட்டு, சந்தோஷமாகவே எழுந்து உலை வைக்கப் போய்விடுவாள்.

வெளிச்சம் அடுத்த வரிசைக்கு நகரத் தொடங்கியது.

“கொஞ்சம் இரு தம்பி.”

துண்டு கூச்சத்தோடு, போர்வையை விலக்குவதுபோல மடிப்பை விரித்தது. தழும்பு, நிலவொளியில் தெரியும் ஆறுபோலக் கிளை பிரிந்து ஓடியது.

“இங்கதான்” என்றது துண்டு. “ரொம்ப நாளா முடியல.”