கடைசிப் பந்து

அத்தை முக்காலியில் டார்ச் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். எலெக்ட்ரீசியன், ஸ்பிரிங்கால் பந்தை அடித்து ஆடும் பழைய பின்பால் இயந்திரத்தின் அடியில் மல்லாந்து கிடக்கிறார். நான் ஜன்னலோரம், மாமாவுக்கு எழுதும் கடிதத்தோடு. மாமா கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று, பாதி ஆட்டத்தில் அணைந்துபோன இயந்திரம் இது. அறுந்த கம்பியில் ஈயம் உருகுகிறது. புகை மதிய வெயிலில் மெல்ல மிதக்கிறது. "ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாக்கட்டுமாம்மா?" "ஐயோ, அவரு ஸ்கோர் பூஜ்யமாயிடும்! வந்து என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு." எலெக்ட்ரீசியன் சிரித்தபடி ப்ளக்கை மட்டும் சொருகுகிறார். கண்ணாடிக்கடியில் விளக்குகள் தூக்கம் கலைவதுபோல் மினுக்கி எரிகின்றன. எண்கள் அப்படியே நிற்கின்றன. ஸ்பிரிங்கின் முன்னால் கடைசிப் பந்து பளபளக்கிறது. அத்தை கண்ணாடிமேல் விரல் வைத்து அதைத் தடவுகிறாள். "சீக்கிரம் வாங்கன்னு எழுதவா அத்தை?" "அதெல்லாம் வேண்டாம். பந்து இன்னும் நிக்குதுன்னு மட்டும் எழுது." எழுதி, உறையை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போடுகிறேன்.