எட்டு அங்குலம்

ஏரி உறுமினால் எங்கள் ஊரில் யாரும் பயப்படுவதில்லை. ஐஸ் இறுகுகிறது என்று அர்த்தம். அந்தச் சனிக்கிழமை காலை அது வாயே திறக்கவில்லை.

நான் கரையில், படகுக் கொட்டகை ஓரமாகக் காப்பிக் குவளையோடு நின்றேன். ஐம்பது அடி தள்ளி, உறைந்த ஏரிமேல் ஏழு பிள்ளைகள். எல்லாருக்கும் ஆறு வயது. அதில் ஒன்று என் மகள் பெற்ற எல்சி.

பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லித்தருகிறவள் கெர்ட்டு. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடத் தரையில் அவள் சொல்லித்தந்தது விழுவது மட்டும்தான். மட்டையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. பாதி வருஷம் ஐஸாகக் கிடக்கும் மினசோட்டாவில் பிறந்த பிள்ளைக்கு விழுவதற்கு ஒரு வாத்தியாரா என்று சாப்பாட்டுக் கடையில் நான் கேலி செய்தேன். உங்கள் மீன் கதைக்கு இது தேவலை என்றாள்.

நான் பிடித்த மீனை வெளியே இழுத்ததும் ஏரி இரண்டு அங்குலம் இறங்கியது. அவ்வளவுதான் கதை. நான் எந்த அளவைச் சொன்னாலும் பாதியாக்கிக்கொள்வது இந்த ஊர் வழக்கம்.

ஏரியில் துளை போட்டு ஐஸ் எவ்வளவு கனம் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. முந்தின நாள் வெள்ளிக்கிழமை பார்த்தேன், எட்டு அங்குலம் என்று சொல்லியிருந்தேன்.

ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம்.

எல்சியின் காலடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு ஓடியது.

வாயிலிருந்த காப்பியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கெர்ட்டு கத்தவில்லை. தினமும் சொல்கிற அதே குரலில், "நட்சத்திரம்" என்றாள்.

ஏழும் கைகாலைப் பரப்பிக் குப்புற விழுந்தன.

அடுத்தது மரக்கட்டை, கரைக்கு யார் முதலில் உருண்டு போவது என்றாள். சிரித்துக்கொண்டே உருண்டு வந்தார்கள். எண்ணினேன். ஆறோடு நின்றது.

எல்சியின் தொப்பி கழன்றுவிட்டது. அதை எடுக்க அவள் ஒரு முழங்காலை ஊன்றினாள். முழங்காலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது.

"மரக்கட்டை எங்கயாச்சும் தொப்பி போடுமாடி?" என்றாள் கெர்ட்டு.

எல்சி யோசித்தாள். என் கணக்கில் அது ஒரு முழுக் குளிர்காலம்.

பிறகு படுத்தாள். உருண்டாள். தொப்பி இருந்த இடத்திலேயே நனைந்து, மெல்ல உள்ளே போனது.

கடைசியாகக் கெர்ட்டு வயிற்றால் ஊர்ந்து வந்தாள். பிள்ளைகளை ஒருமுறை தொட்டு எண்ணினாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க எட்டை நாலுன்னு வச்சுக்கிட்டுதான் கூட்டிட்டுப் போனேன், பெரியவரே. நாலு இருந்தாலே தாங்குமே. நாலுகூட இல்லையா?"

நான் காப்பியை விழுங்கினேன்.

அவள் பார்வை என்னைத் தாண்டிக் கொட்டகைச் சுவருக்குப் போனது. அங்கே சாய்த்து வைத்திருந்த துளைக்கருவியின் மேல், வியாழக்கிழமை பெய்த பனி கலையாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு விரல் கனம். இதை நீங்கள் பாதியாக்க வேண்டாம்.